பாவையும் பண்டமும்: அமெரிக்க வீரவுருச் சேகரிப்பின் சமூக வரலாறு குறித்த சில சிந்தனைகள்

1

பண்பாட்டு வரலாற்றாய்வில் விளையாட்டுப் பொருள்களுக்கு உரிய இடம் நெடுங்காலமாக வழங்கப்படவில்லை. காவியமும் சிற்பமும் நாடகமுமே ஆய்வுக்குரியன, பிள்ளைகளின் கைப்பொருள்கள் அற்பமானவை என்ற எண்ணம் அறிஞரிடையே வேரூன்றியிருந்தமையே இதற்குக் காரணமாகும். இவ்வெண்ணத்தை மறுத்தோரும் உளர். ஜேர்மானிய மார்க்சிய விமர்சகரான வால்ரர் பெஞ்சமின் 1920களிலேயே பழைய விளையாட்டுப் பொருள்களைப் பற்றி எழுதினார். பின்னர் சேகரிப்பாளனின் இயல்பையும் ஆராய்ந்தார். பிரெஞ்சு விளையாட்டுப் பொருள்கள் வளர்ந்தோர் உலகைப் பிள்ளைக்கு இயற்கையானதாகக் காட்டும் விதத்தை ரோலண்ட் பார்த் 1957 இல் எடுத்துரைத்தார். 1971 இல் சிலி நாட்டில் ஏரியல் டோர்ஃப்மனும் ஆர்மண்ட் மத்தெலாரும் டொனால்ட் டக் சித்திரக்கதைகளை ஏகாதிபத்தியக் கருத்தியலின் வாகனமாக நோக்கி நூல் செய்தனர். இம்மரபில் நின்றே இக்கட்டுரையின் பொருளை நாம் அணுகுகின்றோம்.

ஆங்கிலத்தில் 'அக்ஷன் ஃபிகர்' என வழங்கும் சிறு பிளாஸ்ரிக் உருவங்களையே நாம் ஈண்டு 'வீரவுரு' எனக் குறிப்பிடுகின்றோம். போர்வீரர், சித்திரக்கதைகளின் அதிமானுட வீரர், திரைப்படக் கதாபாத்திரங்கள் ஆகியோரின் கைகால் அசையக்கூடிய உருவங்கள் இவை. பிள்ளைகள் விளையாடுவதற்கென அமெரிக்காவிலே தோன்றிய இவற்றை இன்று வளர்ந்தோர் பெருந்தொகையாகச் சேகரிக்கின்றனர். 1978 இல் ஏறத்தாழ இரண்டு டொலருக்கு விற்கப்பட்ட உருவங்களுட் சில, உறை பிரிக்கப்படாதிருப்பின், இன்று பல்லாயிரம் டொலர் பெறுகின்றன. விளையாடுவதற்கென ஆக்கப்பட்ட பொருள், விளையாடப்படாமல் இருத்தலினாலேயே பெறுமதி அடைவது எங்ஙனம்? இவ்வினாவுக்குப் பொதுவாக இருவகை விடைகள் கூறப்படுகின்றன. சேகரிப்போர் தம் இளமைக்கால நினைவுகளை மீட்கின்றனர் என்பது ஒன்று. அவர்கள் வளர மறுக்கும் பேதையர் என்பது மற்றையது. முன்னது உணர்ச்சியை மட்டும் கூறி வரலாற்றை மறைக்கின்றது. பின்னது ஏளனத்தை ஆய்வாகக் கொள்கின்றது. இரண்டும் எமக்குப் போதியன அல்ல.

2

வீரவுருவின் வரலாறு ஒரு பெயர்மாற்றத்துடன் தொடங்குகின்றது. 1959 இல் மற்றெல் கம்பனி வெளியிட்ட 'பார்பி' என்ற பெண்பாவை பெருவெற்றி பெற்றது. பாவை ஒருமுறையே வாங்கப்படும். ஆனால் அதற்குரிய ஆடையணிகள் மீண்டும் மீண்டும் வாங்கப்படும். சவரக்கருவியைக் குறைந்த விலைக்குக் கொடுத்து அலகுகளில் இலாபம் ஈட்டும் வணிக முறையே இது. இதனை ஆண்பிள்ளைகளிடத்தும் பிரயோகிக்கும் எண்ணம் ஸ்ரான் வெஸ்ரன் என்பாரிடம் உதித்தது. றோட் ஐலண்ட் மாநிலத்தின் போட்டக்கற் நகரில் இயங்கிய ஹஸ்ப்ரோ கம்பனி அவ்வெண்ணத்தை அவரிடமிருந்து 100,000 டொலருக்கு வாங்கியது. டொன் லெவீனின் தலைமையில் உருவாகி, 1964 இல் பன்னிரண்டு அங்குல உயரமான 'ஜி. ஐ. ஜோ' சந்தைக்கு வந்தது.

ஆனால் ஆண்பிள்ளை பாவை வைத்து விளையாடுவதை அக்காலச் சமூகம் ஏற்குமா என்ற ஐயம் இருந்தது. ஈழத்து வழக்கில் 'பாவைப்பிள்ளை' என்ற சொல் எங்ஙனம் பெண்பிள்ளையின் கைப்பொருளையே பெரிதும் சுட்டுகின்றதோ, அங்ஙனமே ஆங்கிலத்திலும் பாவையைக் குறிக்கும் சொல் பெண்மையோடு பிணைந்திருந்தது. எனவே கம்பனி அச்சொல்லைத் தவிர்த்துப் புதிய தொடரை ஆக்கிக்கொண்டது. விற்பனையாளரும் பழைய சொல்லைப் பயன்படுத்தலாகாது என வற்புறுத்தப்பட்டனர். பெண்ணுக்கு ஆடை, ஆணுக்குப் போர் என்ற பால்நிலைப் பிரிவினை சந்தையின் தேவைக்கேற்ப மீளவும் உறுதிப்படுத்தப்பட்டது. ஒரு சொல்லின் பிறப்பில் வர்த்தகமும் கருத்தியலும் இங்ஙனம் ஒன்றிணைவது மொழி வரலாற்றை ஆராய்வோரும் மனங்கொள்ளத்தக்கது.

பிறிதொரு செய்தியும் நோக்கற்பாலது. பொதுவான மனித உடலமைப்புக்குச் சட்டப்படி உரிமை கோருதல் கடினம். ஆதலால் ஜோவின் வலக் கன்னத்தில் ஒரு தழும்பு இடப்பட்டது. வலக் கைப்பெருவிரலின் நகம் உட்புறமாக அமைக்கப்பட்டது. பிறர் போலி செய்யின் கண்டுபிடித்தற்குரிய அடையாளங்கள் இவை. பிள்ளைகள் அத்தழும்பைப் போரின் வடுவாகக் கொண்டனர்; உண்மையில் அது தனியுடைமையின் முத்திரையாகும்.

வியட்நாம் போர் மக்களிடையே வெறுப்பைத் தோற்றுவித்தபோது போர்வீரனின் விற்பனையும் தளர்ந்தது. 1970 இல் ஜோ படைத்துறையை விட்டு விலகி, தேடலும் மீட்பும் புரியும் சாகச வீரனாக மாற்றப்பட்டான். வெகுசன உணர்வு விளையாட்டுப் பொருளின் உடையையும் மாற்றவல்லது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

3

போர்வீரன் தளர்ந்த இடத்தை அதிமானுட வீரர் நிரப்பினர். 1966 இல் ஐடியல் கம்பனி வெளியிட்ட 'கப்ரன் அக்ஷன்' பல வீரர்களின் உடைகளை மாற்றி மாற்றி அணியத்தக்கதாய் இருந்தது. 1972 இல் மேகோ கம்பனி, சுப்பர்மான், பற்மான், ஸ்பைடர்மான் முதலியோரை எட்டங்குல உருவங்களாக வெளியிடத் தொடங்கியது. போட்டிக் கம்பனிகளான டி.சி., மார்வெல் ஆகிய இரண்டின் வீரர்களும் ஒரே வரிசையில் விற்கப்பட்டனர். இவ்வீரரைப் படைத்த கலைஞருக்கு இவ்விற்பனையில் என்ன பங்கு கிட்டியது என்பது வேறு கதை. சுப்பர்மானைப் படைத்த ஜெரி சீகலும் ஜோ ஷஸ்ரரும் 1938 இல் அதன் முழு உரிமையையும் 130 டொலருக்குக் கொடுத்துவிட்டவர்கள்.

சேகரிப்பின் வரலாற்றில் உண்மையான திருப்பம் 1977 இல் நிகழ்ந்தது. ஜோர்ஜ் லூக்காஸ் இயக்கிய 'ஸ்ரார் வோர்ஸ்' திரைப்படம் அவ்வாண்டு மே மாதம் வெளிவந்தது. அதன் உருவங்களைச் செய்யும் வாய்ப்பு முன்னரே மேகோவுக்கு வந்தபோது அது மறுத்துவிட்டது. சின்சினாற்றி நகரின் கென்னர் கம்பனி அதனை ஏற்றது. 1973 ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் பிளாஸ்ரிக்கின் விலை ஏறியிருந்த காலம் அது. கென்னர் தன் உருவங்களை மூன்றே முக்கால் அங்குலமாகச் சிறிதாக்கியது. சிறிய உருவத்துக்கு மூலப்பொருள் குறைவு, விலையும் குறைவு, எனவே ஒன்றல்ல, பல வாங்கலாம். அவற்றை ஏற்றிச் செல்லும் விண்கலங்களையும் கைக்கடக்கமான அளவிற் செய்து விற்கலாம். சேகரிப்புக்குரிய பௌதிக அடிப்படை இங்ஙனம் அமைந்தது.

படத்தின் வெற்றி எதிர்பாராததாகையால் அவ்வாண்டு நத்தாருக்கு உருவங்கள் ஆயத்தமாகவில்லை. கம்பனி பொருளின்றியே பொருளை விற்றது. உருவம் எதுவுமற்ற அட்டையுறை ஒன்று கடைகளுக்கு வந்தது. அதனுள் ஓர் உறுதிச் சீட்டும், பன்னிரு உருவங்களையும் நிறுத்துதற்குரிய அட்டை மேடையும் இருந்தன. சீட்டை அனுப்பினோர்க்கு 1978 இன் முற்பகுதியில் நான்கு உருவங்கள் மட்டும் தபாலில் வந்தன. எஞ்சிய எட்டு இடங்களும் வெறுமையாகவே இருந்தன. அவ்வெறுமையே உண்மையில் விற்கப்பட்டதெனலாம். 1978 ஆம் ஆண்டளவில் நான்கு கோடிக்கும் மேற்பட்ட பொருள்கள் விற்பனையாயின என்பர்.

ஒவ்வோர் உருவமும் ஓர் அட்டையில், ஒளிபுகும் பிளாஸ்ரிக் குமிழினுள் வைத்து விற்கப்பட்டது. அட்டையின் பின்புறத்தில் அவ்வரிசையின் ஏனைய உருவங்களின் படங்கள் அச்சிடப்பட்டன. முதலிற் பன்னிரண்டாக இருந்த எண்ணிக்கை 1985 இல் தொண்ணூற்றிரண்டாயிற்று. கையிலுள்ள ஒன்றைக் காட்டிலும் கையிலில்லாத பலவற்றையே அட்டை பிள்ளைக்கு நினைவூட்டியது. சேகரிக்கும் வேட்கை மனிதரின் பிறவிக் குணம் என்போர் இவ்வட்டையின் பின்புறத்தை ஒருமுறை புரட்டிப் பார்த்தல் நன்று.

4

இதற்குப் பின்னர் கதைக்கும் பண்டத்துக்குமிடையே இருந்த உறவு தலைகீழாயிற்று. முன்னர் கதை தோன்றிப் பின்னர் உருவம் தோன்றியது; இப்பொழுது உருவத்தை விற்பதற்கெனக் கதை தோன்றலாயிற்று. 1982 இல் மற்றெல் கம்பனி 'ஹீ-மான்' உருவங்களை வெளியிட்டது. அடுத்த ஆண்டே அவற்றுக்கெனத் தொலைக்காட்சித் தொடர் வந்தது. 1984 இல் மார்வெல் வெளியிட்ட 'சீக்ரற் வோர்ஸ்' சித்திரக்கதை மற்றெலின் உருவ வரிசைக்கெனவே திட்டமிடப்பட்டது. றீகன் ஆட்சிக்காலத்தில் தொலைக்காட்சி விளம்பரங்கள் மீதிருந்த கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டமை இப்போக்குக்குப் பெருந்துணையாயிற்று.

1993 இல் ரோய் பிஸ் என்னும் விளையாட்டுப் பொருட் கம்பனி, தன் பங்குகளில் 46 சதவீதத்தை மார்வெலுக்குக் கொடுத்து, அதன் வீரர்களை உரிமைத் தொகையின்றி உருவங்களாக்கும் நிரந்தர உரிமையைப் பெற்றது. 1996 இன் இறுதியில் மார்வெல் வங்குரோத்து அடைந்தது. 1998 இல் இரு கம்பனிகளும் ஒன்றாக்கப்பட்டபோது விளையாட்டுப் பொருள் வணிகரின் கையிலேயே சித்திரக்கதைக் கம்பனி வந்து சேர்ந்தது. 2009 இல் டிஸ்னி அதனை ஏறத்தாழ 400 கோடி டொலருக்கு வாங்கியது.

இவ்வுறவு கலைப் படைப்பின் உள்ளடக்கத்தையே எங்ஙனம் நிர்ணயிக்கின்றது என்பதற்கு ஓர் உதாரணம் சாலும். 2013 இல் வெளிவந்த 'அயன் மான் 3' திரைப்படத்தின் முதன்மை எதிர்ப்பாத்திரம் முதலில் ஒரு பெண்ணாகவே எழுதப்பட்டிருந்ததென்றும், பெண்ணுருவம் போதிய அளவு விற்பனையாகாது என்ற கணிப்பினால் ஆணாக மாற்ற நேர்ந்ததென்றும் அதன் இயக்குநர் ஷேன் பிளாக் 2016 இல் கூறினார். 1964 இல் பாவை என்ற சொல்லை விலக்கிய அதே தர்க்கம் அரை நூற்றாண்டின் பின் திரைக்கதையினுள்ளும் புகுந்துவிட்டது. அடித்தளம், மேற்கட்டுமானம் என்ற கோட்பாட்டை இயந்திரப்பாங்காகப் பிரயோகிக்கலாகாது என்பதை நாம் ஏற்கின்றோம். ஆயினும் சில சந்தர்ப்பங்களில் அடித்தளம் எவ்வித இடைத்தொடர்புமின்றித் தானே வந்து பேசிவிடுகின்றது.

5

1978 இற் பிள்ளைகளாயிருந்தோர் 1990களில் உழைக்கும் வயதினராயினர். 1995 இல் ஸ்ரார் வோர்ஸ் உருவங்கள் மீண்டும் வெளிவந்தபோது வாங்கியோருட் பலர் வளர்ந்தோர். 1994 இல் சித்திரக்கதைக் கலைஞர் ரொட் மக்ஃபார்லேன் தொடங்கிய கம்பனியின் உருவங்கள் நுணுக்கமான செதுக்கலுடையனவாயும், கையாளுதற்கன்றிக் காட்சிக்கே பெரிதும் உரியனவாயும் அமைந்தன. 2000 இல் ஹொங்கொங்கில் நிறுவப்பட்ட ஹொற் ரோய்ஸ் கம்பனி திரைப்பட நடிகரின் முகச்சாயலை மயிரிழை பிசகாது வடிக்கும் பன்னிரண்டங்குல உருவங்களை வளர்ந்தோர்க்கென்றே செய்கின்றது. 2024 ஆம் ஆண்டின் முதற் காலாண்டில் அமெரிக்காவில், மூன்று முதல் ஐந்து வயது வரையான பிள்ளைகளுக்கென வாங்கப்பட்டதிலும் கூடுதலான பெறுமதிக்கு வளர்ந்தோர் தமக்கென விளையாட்டுப் பொருள்களை வாங்கினர் எனச் சந்தைக் கணிப்புகள் காட்டின.

பண்டம் ஒவ்வொன்றுக்கும் பயன்பெறுமதி, பரிவர்த்தனைப் பெறுமதி என இரு கூறுகள் உண்டு என்பது மார்க்சியத்தின் அரிச்சுவடியாகும். வீரவுருவின் பயன்பெறுமதி விளையாட்டு. உறையைப் பிரித்தால் அது நிறைவேறும். ஆனால் அக்கணமே சந்தை விலை வீழ்ந்துவிடும். எனவே சேகரிப்பாளன் குமிழைப் பிரியாது பேணுகின்றான். உருவம் அக்கிரிலிக் பேழையில் முத்திரையிடப்பட்டு, அதன் நிலைக்குப் புள்ளி வழங்கும் நிறுவனங்களும் தோன்றிவிட்டன. பயன் முற்றாக ஒடுங்கிய இடத்திலேயே பரிவர்த்தனைப் பெறுமதி உச்சம் பெறுகின்றது.

இரு உதாரணங்கள் இதனைத் தெளிவாக்கும். 1978 இல் வெளிவந்த 'ஜாவா' என்னும் குறள் உருவம் முதலில் வைனைல் மேலங்கியுடன் விற்கப்பட்டது. ஏனையவற்றின் விலையையே கொடுத்து வாங்குவதற்கு அது மிக மலிவாகத் தோன்றியமையால் விரைவில் துணி அங்கி இடப்பட்டது. இன்று துணியங்கி உருவம் எளிதிற் கிடைக்கும். மலிவென ஒதுக்கப்பட்ட வைனைல் அங்கி உருவத்துக்கோ பெருவிலை. வேறோர் உருவத்தின் அங்கியை வெட்டிப் போலி செய்வோரும் உளர். மற்றையது 'போபா ஃபெற்' உருவம். 1979 இல், நான்கு கொள்வனவுச் சான்றுகளை அனுப்பும் பிள்ளைக்கு ஏவுகணை பாய்ச்சும் உருவம் இலவசமாக அனுப்பப்படும் என விளம்பரம் செய்யப்பட்டது. பிறிதொரு கம்பனியின் ஏவுகணை தொண்டையிற் சிக்கிச் சிறுவன் ஒருவன் இறந்தமையால் அத்திட்டம் கைவிடப்பட்டது. ஏவுகணை அசையாது ஒட்டப்பட்ட உருவமே பிள்ளைகளைச் சேர்ந்தது. பாய்ச்சும் அமைப்புடன் செய்யப்பட்ட சில மாதிரிகள் மட்டும் எஞ்சின. அவற்றுள் ஒன்று 2024 இல் ஏலத்தில் 525,000 டொலருக்கு விலைபோயிற்று. எந்தப் பிள்ளையும் ஒருபோதும் கையிலேந்தாத உருவமே இவ்வகையில் மிகப் பெரும் விலை பெற்றது.

தொன்பொருள், கலைப்படைப்பு முதலிய மீள ஆக்கவியலாதனவற்றின் விலை தற்செயலான நிலைமைகளால் நிர்ணயமாகலாம் என 'மூலதன'த்தின் மூன்றாம் தொகுதியில் மார்க்ஸ் குறிப்பிடுகின்றார். விந்தை யாதெனின், கோடிக்கணக்கில் இயந்திரத்தால் வார்க்கப்பட்ட பண்டமே இங்குத் தொன்பொருளின் நிலையை எய்துகின்றது. இவ்விந்தையைத் திட்டமிட்டு மீட்டும் உண்டாக்க முயன்றபோது அது பொய்த்தது. 1999 மே மாதத்தில் புதிய ஸ்ரார் வோர்ஸ் படத்தின் உருவங்கள் நள்ளிரவில் விற்பனைக்கு விடப்பட்டபோது பலர் எதிர்கால இலாபம் கருதி வாங்கிக் குவித்தனர். எல்லோரும் பேணியமையால் எதுவும் அரிதாகவில்லை. பெரும்பாலானவற்றின் விலை உயரவேயில்லை.

6

பாவையா, வீரவுருவா என்ற பழைய வினா நீதிமன்றத்திலும் எழுந்தது. அமெரிக்கச் சுங்கச் சட்டம் பாவைக்கு ஒரு தீர்வையும் ஏனைய விளையாட்டுப் பொருளுக்கு வேறு தீர்வையும் விதித்திருந்தது. 1980களில் ஹஸ்ப்ரோ தொடுத்த வழக்கில், ஜி. ஐ. ஜோ பாவையே என 1988 இல் தீர்ப்பாயிற்று. 1989 இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது. விற்பனையாளரின் வாயில் வரலாகாதெனத் தடுக்கப்பட்ட சொல் தீர்ப்பில் நிலைபெற்றது.

ரோய் பிஸ் கம்பனியின் வழக்கு இதனினும் சுவையானது. பாவை என்பது மனிதரைக் குறிக்கும் உருவம். அதற்குத் தீர்வை 12 சதவீதம். மனிதரல்லாத உயிர்களின் உருவத்துக்கு 6.8 சதவீதம். சீனாவிலிருந்து இறக்கப்பட்ட தன் 'எக்ஸ்-மென்' உருவங்கள் மனிதரைக் குறிப்பன அல்ல என்று கம்பனி வாதிட்டது. 2003 இல் சர்வதேச வர்த்தக நீதிமன்றம் அதனை ஏற்றது. 1963 இல் ஸ்ரான் லீயும் ஜக் கேர்பியும் தொடக்கிய அக்கதைத் தொடரின் உயிர்நாடி யாது? பிறப்பால் வேறுபட்டமையால் வெறுக்கப்படுவோர், தம்மையும் மனிதராக மதிக்குமாறு கோருவதே அதன் கருவாகும். கதையின் உரிமையாளரே இறக்குமதித் தீர்வையைக் குறைக்கும் பொருட்டு அவர்கள் மனிதரல்லர் என நிறுவினர். இலக்கியத்தின் மனிதநேயம் சுங்கப் பட்டியலின்முன் என்னாகின்றது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று எமக்குத் தெரியவில்லை.

7

இவ்வழக்குகள் இரண்டும் இறக்குமதி பற்றியவை என்பதை நாம் மறத்தலாகாது. அமெரிக்க வீரரின் உடல்களுட் பெரும்பாலானவை அமெரிக்காவில் வார்க்கப்பட்டன அல்ல. 1978 ஆம் ஆண்டு உருவங்களின் காலின் பின்புறத்தில் 'ஜி.எம்.எஃப்.ஜி.ஐ. 1977 ஹொங்கொங்' என்ற பொறிப்பு காணப்படும். முன்னைய எழுத்துகள் கென்னரின் அந்நாளைய உரிமையாளரான ஜெனரல் மில்ஸ் என்னும் மா, தானிய உணவுக் கம்பனியின் விளையாட்டுப் பிரிவைக் குறிப்பன. பின்னைய சொல் உழைப்பு நிகழ்ந்த இடத்தைக் குறிப்பது. 1970களில் ஹொங்கொங் விளையாட்டுப் பொருள் ஏற்றுமதியில் உலகில் முதலிடம் பெற்றது. தொழிற்சாலைகளில் இளம்பெண்கள் உழைத்தனர். நெருக்கமான குடியிருப்புகளில் தாயும் பிள்ளைகளும் துண்டுக் கூலிக்குப் பிளாஸ்ரிக் பூக்களையும் விளையாட்டுப் பொருட் பாகங்களையும் வீட்டிலிருந்தே பொருத்திக் கொடுத்தனர். கூலி உயர்ந்தபோது மூலதனம் பெயர்ந்தது. பிந்திய உருவங்களின் கால்களிலே தாய்வான், மக்காவோ, சீனா என்ற பெயர்கள் பொறிக்கப்பட்டன. 1980 இல் சென்சென் விசேட பொருளாதார வலயம் அமைந்தபின் பேராறு தென்சீனத்தை நோக்கித் திரும்பியது.

1993 மே 10 ஆம் நாள் தாய்லாந்தின் நக்கோன் பத்தொம் மாகாணத்தில், ஏற்றுமதிக்கென விளையாட்டுப் பொருள் செய்த காடெர் தொழிற்சாலை தீப்பற்றியது. 188 பேர் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் இளம்பெண்கள். அவ்வாண்டு நவம்பர் 19 ஆம் நாள் சென்சென் நகரின் சீலி விளையாட்டுப் பொருட் தொழிற்சாலையில் மூண்ட தீயில் 87 தொழிலாளர் இறந்தனர். அங்கு யன்னல்கள் கம்பியிடப்பட்டிருந்தன; வாயில்கள் அடைபட்டிருந்தன. அமெரிக்காவில் மார்வெலும் ரோய் பிஸ்ஸும் உடன்படிக்கை செய்ததும் அதே ஆண்டிலேயாகும்.

சேகரிப்பாளரைப் பற்றிய எமது முடிவுக்கு இங்கு வருகின்றோம். அவர்களை வெறும் ஏமாளிகளெனக் கொள்வது தவறு. நூற்றுக்கணக்கான உருவங்களை ஒப்புநோக்கி, ஒரே கதாபாத்திரம் ஹொங்கொங்கில் வார்க்கப்பட்டதா தாய்வானில் வார்க்கப்பட்டதா என்பதைக் காலிலுள்ள பொறிப்பு, வண்ணப்பூச்சு, அச்சின் தடம் ஆகியவற்றால் வேறுபடுத்தி அவர்கள் வகுத்துள்ள பட்டியல்கள், பாடபேதங்களை ஆராயும் பதிப்பாசிரியரின் உழைப்புக்கு எவ்வகையிலும் குறைந்தன அல்ல. பொருள்களைப் பயன்படவேண்டும் என்ற அடிமைத்தளையிலிருந்து சேகரிப்பாளன் விடுவிக்கின்றான் எனப் பெஞ்சமின் கருதினார். அக்கூற்று ஓரளவுக்கு இவர்களுக்கும் பொருந்தும். ஆனால் பயனிலிருந்து விடுபட்ட பொருள் உடனடியாக விலையின் தளையிற் சிக்கிக்கொள்வதையும் நாம் கண்டோம்.

மூலதனம் ஆசியாவில் இடம்பெயர்ந்த வழியைத் தாம் அறியாமலே இவர்கள் ஆவணப்படுத்தியுள்ளனர். ஒரு பொறிப்பு அரிதென்றால் அங்கு உற்பத்தி குறுகிய காலமே நிகழ்ந்தது என்பது பொருள். அக்குறுகிய காலத்தின் பின்னால் கூலியும் வேலையிழப்பும் பற்றிய ஒரு கதை உண்டு. அப்பொறிப்பைச் சேகரிப்பாளர் விலைக்குறியாக வாசிக்கின்றனர். அதனை உழைப்பின் சுவடாக வாசித்தல் சமூக வரலாற்றாசிரியரின் கடமையாகும். ஹொங்கொங், மக்காவோ ஆகிய இடங்களில் அவ்வுருவங்களுக்கு வண்ணந் தீட்டிய பெண்களுட் பலர் இன்றும் முதுமையில் வாழ்ந்துகொண்டிருப்பர். சேகரிப்பாளரின் பட்டியல்களையும் அப்பெண்களின் வாய்மொழிச் சான்றுகளையும் ஒருங்குவைத்து ஆராயும் முயற்சி காலந்தாழ்த்தாது மேற்கொள்ளப்படுதல் வேண்டும்.